காலி அறைகளில் திறந்திருந்த திரைகள்

சர்வர் அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உங்களைப் போலப் படித்தவள் இல்லை. மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கன்னடத்தில் பஸ் போர்டு தெரியும். இங்கிலீஷில் என் பேரின் முதல் எழுத்து தெரியும். ஆனால் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளிலிருந்து நான் வேலையை விட்ட நாள் வரைக்கும் அந்த அறையின் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருந்தது. வேறு யாரிடமும் போனதில்லை. மெஷின் கெட்டுப்போன கதையை உங்களுக்கு எத்தனையோ பேர் சொல்லுவார்கள். நான் சொல்லப்போவது மெஷின் கெடாத கதை. அவசரம் இல்லாதவர்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கள் ஆபீஸ் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த ஆட்களின் பதிவேடுகளை வைத்துப் பராமரிக்கும் இடம். யார் எந்த வருஷம் சேர்ந்தான், எந்த ஷாப்ட் குழியில் இறங்கினான், எத்தனை வருஷம் அடியில் இருந்தான், என்ன கைத்தொழில் என்பதெல்லாம் அங்கேதான். முன்பு பெரிய பெரிய நோட்டுகளில் இருந்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாவற்றையும் அதில் ஏற்றினார்கள். நடுவே குளிர் அறையில் பெரிய மெஷின் ஒன்று. அதுதான் சர்வர். நீளமான கட்டடம் முழுக்க அறைக்கு அறை ஒரு திரையும் விசைப்பலகையும். திரையில் தனியாக ஒன்றும் கிடையாது. கேட்டால் பெரிய மெஷின்தான் பதில் கொடுக்கும். மொத்தம் இருபத்திரண்டு திரைகள்.

நான் அட்டெண்டர். தூசி துடைப்பது, குளிர் அறைக் கதவைப் பார்த்துக்கொள்வது, காகிதக் கட்டு தூக்கிக் கொடுப்பது என் வேலை. இதைத் தவிர நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கதையே.

காலை ஏழு மணிக்கு வருவேன். ஆபீசர்கள் ஒன்பதரைக்கு வருவார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரையைத் திறந்தால் மெஷின் திணறும். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு நாள் ஸ்டோர்ஸ் ஆபீசர் சலித்துக்கொண்டார். "மரகதம், பஸ்ஸில சீட்டுக்குத் துண்டு போடற மாதிரி எனக்கும் ஒரு துண்டு போட்டு வெச்சுடும்மா" என்றார். சிரித்துக்கொண்டே தன் ரகசியச் சொல்லையும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பக்கத்து அறைக்காரரும் சொன்னார். ஒரே மாதத்தில் இருபத்திரண்டு அறையின் ரகசியச் சொல்லும் என் விரலுக்கு வந்துவிட்டது. எழுத்தாக எனக்குத் தெரியாது. இரண்டாவது வரிசையில் இந்தக் கட்டை, அப்புறம் கீழே அந்தக் கட்டை என்று விரல் போகும். ஒரு நாளும் தப்பியதில்லை. ஒன்பதரைக்கு ஆபீசர் வந்தால் மேசை துடைத்திருக்கும், திரை திறந்து காத்துக்கொண்டிருக்கும். அதில் எனக்குப் பெருமை. இப்போதும் அந்தப் பெருமை போகவில்லை.

பிறகு சுரங்கம் மூடுகிற பேச்சு வந்தது. மூடியும் விட்டார்கள். ஆபீசில் ஒவ்வொருவராகக் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்டோர்ஸ் ஆபீசர் போனார். சர்வே அறை காலி. மெஷினைக் கவனித்துக்கொண்டிருந்த ஆபரேட்டரும் போய்விட்டார். இருபத்திரண்டு அறையில் பதினோரு அறையில்தான் ஆள் மிஞ்சியது. நான் மட்டும் ஏழு மணிக்கு வந்து இருபத்திரண்டையும் திறந்து வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அது ஒரு காரணம். இன்னொன்று, அறை காலியாகிவிட்டது என்று தினமும் காலையில் நானே ஒப்புக்கொள்ள வேண்டுமா என்ற வீம்பு. திறந்த திரைக்கு முன்னால் துடைத்த நாற்காலி இருந்தால் ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

வெளியூர்த் தொழிற்சாலை ஒன்று, சுரங்கத்தில் வேலை போன பிட்டர், வெல்டர், கிரேன் ஓட்டினவர்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி பெங்களூரில் நேர்காணல் வைத்திருந்தது. நேர்காணலுக்கு வருகிறவன் கையில் சர்வீஸ் தாள் இருக்க வேண்டும். எங்கள் மெஷினில் அச்சடித்து, அதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்த தாள். நேர்காணல் மறுநாள் காலை. கையெழுத்துப் போடும் அதிகாரி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப்பில் கிளம்புகிறார். திரும்பி வர ஒரு வாரம். ஆக, நாலு மணிக்குள் தாள் கைக்கு வராதவன் பெங்களூருக்குப் போயும் பயனில்லை. கூடத்தில் இருநூறு பேர் நின்றார்கள்.

கூட்டத்துக்காக ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வாடகைக்குப் பதினாலு திரைகள் கொண்டுவந்து கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்காலிக கிளார்க். ஆள் வந்து பேர், தகப்பன் பேர், தொழில் சரியா என்று திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். அது ஒரு வேலை. இன்னொரு வேலை உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆளும் எத்தனை வருஷம் அடியில் இருந்தான் என்று பழைய பதிவுகளிலிருந்து மெஷின் கூட்டி எடுக்க வேண்டும். எங்கள் ராஜேஸ்வரி காலை எட்டு மணிக்கே அதை ஓட விட்டிருந்தாள். பதினைந்து வருஷம் அந்த ஆபீசில் டைப் அடித்தவள். மதியம் இரண்டு மணி தாண்டித்தான் அது முடியும். இரண்டும் முடிந்தால்தான் தாள் வரும்.

கூடத்துத் திரைகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருந்த வரை, பத்தரை மணி வரை, சரியாகப் போனது. அதன்பின் கூடத்தில் ஒரு திரை 'இணைப்பு இல்லை' என்றது. கொஞ்ச நேரத்தில் அது திறந்துகொண்டது, பக்கத்துத் திரை மறுத்தது. ஒரு ஆள் முடிந்ததும் மூடிவிட்டு அடுத்த ஆளுக்குப் புதிதாகத் திற என்று கிளார்க்குகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூடினவனால் மறுபடி திறக்க முடியவில்லை. இதைப் பார்த்த மற்றவர்கள் மூடவே மறுத்தார்கள். திறக்காதவர்கள் கட்டையைத் தட்டு தட்டென்று தட்டினார்கள். சிலர் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்குப் பதினாலு திரையில் ஐந்துதான் வேலை செய்தது.

வரிசையில் முன்னால் நின்றவன் ஏழுமலை. பிட்டர். நாற்பது வயதைத் தாண்டியவன். எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருப்பவன். அவன் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் என்பதும், இரண்டு மாதமாக அவன் பூதிகோட்டையில் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறான் என்பதும் எனக்குத் தெரியும். கூச்சப்பட்டு அவன் வெளியே சொல்லவில்லை.

"இன்னா யக்கா, உங்க மெஷினுக்கும் வாலண்டரி ரிடையர்மெண்டு குடுத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"வாயை மூடிகினு நில்லு. உன் தாளு வரும்."

"வரும் வரும். பொதைச்சப்புறம் வரும்" என்றான் பின்னால் நின்றவன். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கோபம் இருந்தது. அடியில் வேலை செய்த ஆட்கள் அவர்கள். சத்தம் போடுவதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பார்கள்.

பொறுப்பாளர் நாகராஜ் சாருக்கு வியர்த்துவிட்டது. கன்னடக்காரர், நல்ல மனுஷர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். முதலில் கேபிளை மாற்றினார். பிறகு குளிர் அறைக்குள் போய்ப் பெரிய மெஷினின் தலைமைத் திரையில் உட்கார்ந்தார். அதுவும் அவரை உள்ளே விடவில்லை. மெஷின் விற்ற கம்பெனியின் என்ஜினீயரை பெங்களூரில் போனில் பிடித்தார். நான் கதவருகில் காகிதக் கட்டோடு நின்றிருந்தேன். போனின் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு அந்த என்ஜினீயர் கத்தினார்.

"ஒரே நேரத்துல முப்பத்திரண்டு பேருக்குத்தான் அதுல இடம். எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க?"

நாகராஜ் சார் விரல் விட்டு எண்ணினார். "நம்ம ஆளு பதினொண்ணு. ஹால்ல பதினாலு. இருபத்தஞ்சு சார்."

"அப்போ இடம் இருக்கு. இடப் பிரச்சினை இல்ல. மெஷின்தான் சிக்கிகிச்சு. ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"உள்ளே கூட்டல் ஓடிட்டிருக்கு சார். ஆப் பண்ணா மொதல்லேர்ந்து ஓடணும். ஆறு மணி நேரம்."

"ஓடட்டும். யாருக்குமே இணைப்பு இல்லாம கூட்டி இன்னா பண்ணப் போறீங்க?"

நாகராஜ் சார் போனைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினார். என்ஜினீயர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. கொடுத்த எண்ணிக்கைக்கு அவர் சரியான பதில்தான் சொன்னார். எண்ணிக்கைதான் தப்பு. நாகராஜ் சார் ஆளை எண்ணினார். மெஷின் ஆளை எண்ணாது, திறந்த திரையை எண்ணும். இருபத்தைந்து என்று அவர் சொன்னதும் நானும் மனசுக்குள் எண்ணினேன். காலையில் இருபத்திரண்டைத் திறந்தவள் நான். கூடத்தில் பதினாலு. கூட்டிப் பார்க்கப் படிப்பு வேண்டாம். முப்பத்தாறு. இடமோ முப்பத்திரண்டு. ஆள் இல்லாத பதினோரு அறையில் என் துண்டு கிடக்கிறது. வெளியே இருநூறு பேர் நிற்கிறார்கள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். ராஜேஸ்வரி என் முந்தானையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவளும் கணக்குப் போட்டுவிட்டாள்.

"யக்கா, சும்மா இரு. பாஸ்வேர்டை வெளியே குடுக்கக் கூடாதுன்னு சர்க்குலர் கீது. நீ சொன்னா உன் வேலை போவும். குடுத்த எங்க வேலையும் போவும்."

"அப்போ அவங்க?" என்று கூடத்தைக் காட்டினேன்.

"மெஷினை ஆப் பண்ணட்டும். உன் துண்டெல்லாம் தானாப் போயிடும். நாளைக்கு நீ தொறக்காதே. யாருக்கும் தெரியாது."

யோசித்துப் பாருங்கள், அவள் சொன்னது பொய்யில்லை. அணைத்தால் என் தப்பும் சேர்ந்து அணைந்துவிடும். மெஷின் சிக்கியது, என்ஜினீயர் அணைக்கச் சொன்னார், கூட்டல் போயிற்று, யார் மேலும் பழியில்லை. நாலு மணிக்கு ஜீப் கிளம்பும். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் மெஷினை அணைத்துப் போட்டதில் எத்தனை பேரின் தப்பு இப்படிக் கழுவிப் போயிருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், அதற்கு முன்னால் உள்ளே என்ன இருந்தது என்று நீங்கள் கேளுங்கள்.

எனக்கு வேலை போகுமென்ற பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிதாக இன்னொன்று குத்தியது. நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கித் தந்த வேலையே தப்பு என்று நாலு பேர் நடுவில் என் வாயால் சொல்ல வேண்டும். பட்டினி கிடப்பேன். அது எனக்குச் சுலபம். இது சுலபமில்லை.

உள்ளே போனேன். "சார், ஆப் பண்ணாதீங்க. இருபத்தஞ்சு இல்ல. முப்பத்தாறு."

"என்னம்மா சொல்றே?"

"காலி ரூமெல்லாம் நான் தொறந்து வெச்சிகீறேன் சார். தினம் காலையில தொறப்பேன். இன்னைக்கும் தொறந்தேன்."

நாகராஜ் சார் என்னையே பார்த்தார். போனில் என்ஜினீயர் "ஹலோ, ஹலோ" என்றார். "எப்படித் தொறந்தே? பாஸ்வேர்டு?"

"எல்லாம் வெரல்ல கீது சார்."

அவர் முகம் சிவந்தது. கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "தேவரே! பூட்டு போடச் சொன்னா ஊர் சாவி எல்லாம் உன் கிட்டயா?" என்றார். போனில் விஷயத்தைச் சொன்னார்.  என்ஜினீயர் ஒன்றுதான் சொன்னார். "மூடச் சொல்லுங்க."

உடனே கூடத்திலிருந்த இரண்டு கிளார்க்குகள் கிளம்பிவிட்டார்கள். காலி அறைகளின் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றார்கள். நான் கையை நீட்டி மறித்தேன்.

"வெளக்கு அணையும். இடம் காலியாவாது."

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், போய்விட்ட ஆபரேட்டர் சொல்லியிருக்கிறார். அவர் அதிகம் பேசாத மனிதர். ஒரு முறை அறைகளில் மட்டும் கரண்ட் போய் வந்த பிறகு எந்தத் திரையும் திறக்காமல் அடம் பிடித்தது. நான் ஏன் என்று கேட்டேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அடியில் இறங்குகிறவன் பித்தளை டோக்கன் எடுத்துக்கொண்டு போகிறான். மேலே வந்ததும் அதைப் பலகையில் மாட்ட வேண்டும். மாட்டாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால், பலகையைப் பொறுத்தவரை அவன் இன்னும் அடியில்தான் இருக்கிறான். திரையை முறைப்படி மூடாமல் அணைப்பதும் அப்படித்தான். ஆள் போயிருப்பான், இடம் அவன் பேரிலேயே இருக்கும். கூடத்தில் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தவர்கள் அன்றைக்கு இடத்தை விடவில்லை, இன்னும் அடைத்தார்கள்.

நாகராஜ் சாரிடம் சொன்னேன். "நான் தொறந்ததை நான்தான் மூடணும் சார். ஒவ்வொண்ணா."

"எத்தனை நேரம்?"

"மெஷின் மெதுவாக் கீது. முக்கால் மணி."

மணி ஒன்று. அவர் ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்தார். ஏழுமலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "போ" என்றார் நாகராஜ் சார். "ஓடு."

நான் ஓடவில்லை. இதைக் கவனியுங்கள். ஓடிப் போய் உட்கார்ந்தால் கை நடுங்கும். நடுங்கும் கை இரண்டு தரம் தட்டும். மெதுவாக இருக்கிற மெஷினிடம் இரண்டு தரம் கேட்டால் அது முதல் கேள்வியையும் மறந்துவிடும். செருப்பைப் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். என் பின்னால் யாரோ "அதோ, ஊர்கோலம் போவுது பாரு" என்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் ஸ்டோர்ஸ் அறை. நாற்காலியில் உட்கார்ந்தேன். துடைப்பதற்கு அல்லாமல் அந்த நாற்காலியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மேல் வரிசையில் கடைசிக்கு முந்தின கட்டையை ஒரு தரம் அழுத்தினேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரை அசையவில்லை. காத்திருந்தேன். மனசு மறுபடி அழுத்து, மறுபடி அழுத்து என்றது. மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் நிஜமாகவா என்று கேட்கிற வரி வந்தது. ஆமாம் என்பதற்கான கட்டையைத் தட்டினேன். திரும்பக் காத்திருந்தேன். காலையில் முதல் முதலாக வருகிற வெறும் திரை வந்தது. அதன் பிறகுதான் எழுந்தேன். கதவைப் பூட்டினேன்.

இரண்டாவது, மூன்றாவது. நாலாவது அறையில் வெளியே கூச்சல் கேட்டது. ஐந்தாவதில் ஒரு கிளார்க் ஓடி வந்து, "இன்னாம்மா, தூங்கிட்டியா? ரெண்டு தெரை தொறந்துகிச்சு, சீக்கிரம் ஆவட்டும்" என்றான். நல்ல செய்தி சொல்ல வந்தவன் ஏன் திட்டினான் என்று தெரியவில்லை. சந்தோஷம் வந்தாலும் சில பேருக்குத் திட்டத்தான் வரும்.

பத்து அறை முடிந்தது. பதினோராவது சர்வே அறை, கட்டடத்தின் கோடியில். கதவைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விரலும் கட்டைக்குப் போய்விட்டது. அழுத்தப் போகிற நேரத்தில் திரையைப் பார்த்தேன்.

நான் காலையில் திறந்து வைத்த திரை சும்மா இருக்கும். ஒரு சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இந்தத் திரையில் வரி வரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் விட்டுப்போனது போல அது இல்லை என்று தெரிந்தது.

விரலை எடுத்துவிட்டேன். பத்தை மூடியவளுக்குப் பதினொன்றையும் மூடத்தான் கை அரிக்கும். சொன்ன வேலையை முழுசாக முடித்தேன் என்று போய் நிற்கலாம். ஆனால் நான் மூடுவதாகச் சொன்னது நான் திறந்ததை. இது அப்புறம் யாரோ தொட்டது. கதவைப் பூட்டாமல் திரும்பி நடந்து போய் ராஜேஸ்வரியைக் கேட்டேன்.

"சர்வே ரூம்ல என்னமோ ஓடுது. யாருது?"

அவள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ யக்கா, மூடிட்டியா?"

"மூடலை. கேக்க வந்தேன்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் அவள் அறையில் சத்தமாக இருந்ததாம். சர்வே அறையில்தான் திரை திறந்து தயாராக இருக்குமே என்று அங்கே உட்கார்ந்து கூட்டலை ஓட விட்டிருக்கிறாள். ஆறு மணி நேர வேலை அந்த ஒரு திரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. நாகராஜ் சார் காதில் இது விழுந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதே ஒரு அட்டையில் கன்னடத்திலும் தமிழிலும் 'தொடாதே' என்று எழுதி அந்தக் கதவில் மாட்டச் சொன்னார்.

பத்து இடம் காலியானது போதும். கூடத்தில் பதினாலு திரையும் திறந்துகொண்டன. நாகராஜ் சாருக்கும் தலைமைத் திரை வழி விட்டது. என்ஜினீயர் போனில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, ஸ்விட்சை அணைத்தவர்கள் அடைத்து வைத்திருந்த இடங்களையும் அவர் ஒவ்வொன்றாக விடுவித்தார். இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிஷத்தில் கூட்டல் முடிந்தது. அச்சு மெஷின் கத்த ஆரம்பித்தது. அந்தக் கர்ர் கர்ர் சத்தத்துக்குக் கூடமே கை தட்டியது. நான் காகிதக் கட்டைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் அதிகாரி மேசையை விட்டு எழவில்லை. கடைசி இருபது தாளை ஜீப் பானெட்டின் மேல் வைத்து நின்றபடியே போட்டார். நாலு மணி தாண்டிவிட்டது, ஆனாலும் போட்டுவிட்டுத்தான் ஏறினார்.

ஏழுமலை தன் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். பேர் சரி, தகப்பன் பேர் சரி, அடியில் பத்தொன்பது வருஷம்.

"இன்னா யக்கா, ஊர்கோலம் முடிஞ்சுதா?" என்றான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நீங்கதான் அடைச்சு வெச்சீங்கன்னு சொல்றாங்க. நெஜமா?"

"நெஜந்தான்."

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "சரி, போங்க. தொறந்துட்டீங்க இல்ல" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனான். அவனுக்கு அந்த வேலை கிடைத்தது. கிடைக்காதவர்களும் இருந்தார்கள். ஆனால் தாள் இல்லாமல் திரும்பி வந்தவன் என்று ஒருவனும் இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரிய தத்துவம் இல்லை. இணைப்பு கிடைக்கவில்லை என்றால் மெஷின் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால், இடத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆளை எண்ணாதீர்கள், திறந்திருப்பதை எண்ணுங்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருத்தி காலையில் சீக்கிரம் வந்து, உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் பிடித்து வைத்திருப்பாள். அது நீங்களாகவும் இருக்கலாம். அந்த எண்ணிக்கையை உங்கள் வாயால் சொல்லுங்கள். மெஷின் உங்களுக்காகச் சொல்லாது.

மறுநாள் காலை நாகராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். எல்லோருடைய ரகசியச் சொல்லையும் மாற்றியாகிவிட்டது என்றார். என் வேலையை எடுக்கவில்லை. சாவியையும் கேட்கவில்லை. ஆனால் மெமோ கொடுத்தே ஆக வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டுமே என்றார். டைப் அடித்த தாளை என் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இன்னா எழுதிகீது, படிச்சுக் காட்டுங்க சார்" என்றேன்.

படித்தார். இன்ன தேதியில், அட்டெண்டர் மரகதம் என்பவர் அனுமதி இல்லாமல் பதினோரு திரைகளைத் திறந்து வைத்து மெஷினின் இணைப்புக்கு இடைஞ்சல் செய்தார்.

"சரிதான்" என்றேன். "இன்னொண்ணையும் எழுதுங்க. பத்தை மூடினதும் நான்தான். ஒண்ணை மூடாம விட்டதும் நான்தான்."

"மெமோவில அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

"எழுதினாத்தான் கையெழுத்து."

 வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த ராஜேஸ்வரியின் சத்தம் நின்றுவிட்டது. நாகராஜ் சார் பேனாவை எடுத்து, டைப் அடித்த வரிக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். திரும்ப ஒரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, என் பேரை முழுசாகப் போட்டேன்.